இறக்கிவைக்காதவன்

ஒரே ஒரு காமிக்ஸில் வந்துபோன நாயகன் அவன். உடைந்த பாலத்தைத் தலைக்குமேல் தாங்கி நின்றான், ஊரே கடந்துபோனது. அவன் அதை இறக்கிவைப்பதை யாரும் வரையவேயில்லை. அந்தக் கோபத்தில்தான் பூங்கோதை, கைகளை உயர்த்தி நிற்கும் அவனைக் களிமண்ணில் விரலளவு செய்து, சுட்டெடுத்து, நண்பர்களின் விளையாட்டு மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"யாருடி இவன்? பேரே கேள்விப்பட்டதில்லையே" என்றபடி ஜெரால்டு தன் பளபளக்கும் நாயகப் பொம்மைகளை விளையாட்டுப் பலகையில் நிறுத்தினான். மேசை ஆடியது. "பாலத்தையே தாங்கினவராச்சே, இதத் தாங்க மாட்டாரா?" என்று களிமண் பொம்மையை மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினான். எல்லோரும் சிரித்தார்கள். மேசை அசையாமல் நின்றது.

பூங்கோதை முகம் கொதிக்கத் தரையில் மண்டியிட்டாள். மேசைக்காலைத் தாங்கிய அந்தச் சின்னக் களிமண் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"போதும்ப்பா," என்றாள் அந்தக் களிமண் நாயகனிடம். "இறக்கி வை."

மேசை சாய்ந்தது. மேலே ஜெரால்டின் முதல் பொம்மை உருளும் சத்தம் கேட்டது.