பின்னுக்கு நிற்பவள்

கௌசிகாவின் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஒரு விரலும் நீளவில்லை.

லக்சனா தேநீர்த் தட்டை ஏந்திக்கொண்டு அந்தக் கையையே பார்த்தபடி நின்றாள். துறைமுக வீதி வீட்டின் முன்னறையில், மாப்பிள்ளையின் அம்மா பாக்கியரத்தினம் கதிரை நிறைய உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்து, ஒரு பிஸ்கட் பெட்டியில் சாய்ந்திருந்தார்.

ஒன்பது வருடமாகக் கௌசிகாவும் லக்சனாவும் பூப்பந்தில் இரட்டையர் சோடி. கௌசிகா முன்னுக்கு, லக்சனா பின்னுக்கு. சிநேகிதியின் முகத்தைவிட முதுகுதான் லக்சனாவுக்கு நல்ல பழக்கம்.

சேர்வ் போடுமுன் கௌசிகா முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாள். ஒன்று என்றால் வலையை ஒட்டிக் குட்டையாக. இரண்டு என்றால் தூக்கிப் பின்னுக்கு. இந்திய வீராங்கனைச் சோடி ஒன்றின் ஆட்டங்களைப் போனில் பார்த்துப் பார்த்துத் திருடிய வித்தை அது.

அடுத்த மாதம் கொழும்பில் அந்தச் சோடியோடுதான் இவர்களுக்கு முதல் ஆட்டம். ஒன்பது வருடம் ஓடியதே அதற்குத்தான். ஆனால் இந்தக் கலியாணம் சரிவந்தால் கொழும்பும் இல்லை, ரக்கெற்றும் இல்லை என்று கௌசிகாவின் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே சிநேகிதிகள் இருவரும் குசினிக்குள் வைத்தே பேசி முடித்திருந்தார்கள்.

“ஒண்டு காட்டினா எனக்குப் பிடிச்சிருக்கு, நீ வாயைத் திறக்காத. ரெண்டு காட்டினா பிடிக்கேல்லை, தூக்கிப் பின்னுக்கு அடி.”

மாப்பிள்ளை போனில் இனிமையாகச் சிரித்தார். கலியாணத்துக்குப் பிறகு விளையாட்டுக் கிளையாட்டுக்கு நேரம் வராது என்று அன்பாகவே சொன்னார்.

இரண்டு விரல் நீண்டது.

லக்சனா அடித்தாள்.

கௌசிகாவுக்குத் தேங்காய் துருவவும் தெரியாது என்றாள். கனடாவில் துருவியே விற்கிறார்கள் என்றார் பாக்கியரத்தினம், பயற்றம் பணியாரத்தைக் கடித்தபடி. குறட்டை விடுவாள் என்றாள். மகனும் விடுவான், ஆளுக்கு ஆள் துணை என்றார். கோபம் வந்தால் ரக்கெற்றை உடைப்பாள் என்றாள். இதுவரை எத்தனை என்று கேட்டார். மூன்று என்றாள். காணாது, இன்னும் உடைக்கட்டும் என்றார்.

லக்சனாவுக்கு வியர்த்தது. அட, இந்த மனுசி கதிரையை விட்டு அசையாமலே எல்லா அடியையும் எடுக்கிறாவே.

பதற்றத்தில் தட்டுச் சரிந்து ஒரு கோப்பை விழப்போனது. பாக்கியரத்தினம் கதையை நிறுத்தாமலே இடது கையால் அதைப் பிடித்து மேசையில் வைத்தார்.

“பிள்ளை, ஒருக்கா திரும்புங்கோ. தலைமயிரைப் பாப்பம்.”

கௌசிகா திரும்பினாள். இப்போது லக்சனாவுக்கு அவளுடைய முகம் தெரிந்தது. அழுதுவிடுவாள் போலிருந்தது. கை மட்டும் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான். விரலை மடக்கடி என்று லக்சனா கண்ணால் கெஞ்சினாள். அவளுக்கு விளங்கவில்லை.

பணியாரம் கடிபடும் சத்தம் நின்றது.

பாக்கியரத்தினம் கைப்பையிலிருந்து சாதகத்தை எடுத்து, அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போல விரித்துப் பார்த்தார். செவ்வாய் இருக்கிற இடம் சரியில்லையாம். பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று எழுதிக் கொடுத்ததே அவருடைய சாத்திரியார்தான். அதைச் சொல்லக் கௌசிகாவின் அப்பா வாயெடுத்தார். மாப்பிள்ளையும் ஏதோ சொன்னார். லைன் கிளியரில்லை என்று பாக்கியரத்தினம் போனைக் கவிழ்த்து வைத்தார்.

வெளியே பாக்கியரத்தினம் வந்த வான், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வீதியில் படுத்திருக்க, அது எழும்பட்டும் என்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மறந்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு லக்சனா படலைக்கு ஓடினாள்.

“பின்னுக்கு நிண்டு விளையாடுறது நீரோ?” என்று பாக்கியரத்தினம் கேட்டார்.

லக்சனா தலையாட்டினாள்.

“எனக்குப் பின்னுக்கு நிண்டவளை, செமி பைனலுக்கு ரெண்டு நாள் இருக்கேக்க, நோர்வேக்குக் கட்டிக் குடுத்தவை.”

குடையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். வானில் ஏறும்வரை அவருடைய வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது, இரண்டு விரல் நீட்டியபடி.