கோஸ் துணிக்குள் ஒரு ஹேர்பின்

“நாளையிலேர்ந்து உங்க மகளை வேலைக்கு வச்சுக்கிட முடியாது போலிருக்கு அண்ணாச்சி.”

செட்டியார்பட்டி பேண்டேஜ் கம்பெனியின் சூப்பர்வைசர் இசக்கியம்மாள் இப்படிச் சொன்னதும் சௌந்தரபாண்டியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மாரிசெல்வி என்ன செஞ்சா?”

“ஆபரேஷனுக்குப் போற கோஸ் துணிக் கட்டுக்குள்ள ஹேர்பின் கிடந்துச்சு. மூணாவது மேசையில மடிச்ச கட்டு. இங்கே தலையில பின் குத்திக்கிட்டு வரவே கூடாது. யாருதுன்னு கேட்டேன். உங்க மக எந்திரிச்சு ‘என்னோடது’ன்னுட்டா.”

“அதே மேசையிலதானே எங்க தெரு அங்காளம்மாவும் இருக்கா?”

“அவுகளும் ‘என்னோடது’ன்னுதான் நிக்காக. ஒருத்தரை நிறுத்தியே ஆகணும். முதலாளிக்கு நான் எந்தப் பேரை எழுதிக் கொடுக்க?”

அங்காளம்மாள் வாய் திறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கேட்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் தெருக்குழாயடியில், நாலு பேர் பார்க்க, சௌந்தரபாண்டியனை ‘வெத்துப்பய’ என்றவள். அது ஒரு வெள்ளிக்கிழமை என்பதைக்கூட அவர் மறக்கவில்லை. அவள் பக்கத்தில் மகளை உட்கார வைக்காதீர்கள் என்று போன மாசமே இங்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

“யம்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு? அவ பேரை எழுதுங்க. அவ கூடச் சேர்ந்துதான் எம்மக கெட்டுப்போச்சு. வாயே திறக்காத பிள்ளை, இப்ப அவளைக் காப்பாத்த பொய் சொல்லுது.”

“ரெண்டு பேரையும் அனுப்புதேன். பேசி ஒரு பேரைச் சொல்லுங்க.” இசக்கியம்மாள் உள்ளே போய்விட்டாள்.

மாரிசெல்வி வந்து சுவரோரம் நின்றாள். பின்னாலேயே அங்காளம்மாள்.

“என்ன ஓய், மகளைக் கூட்டிட்டுப் போக வந்தீரா? போக வேண்டியது நான். நீர் வீட்டுக்குப் போய் ஃபேனுக்குக் கீழே படும்.”

“ஒழுங்கா வேலை பாக்கத் தெரியாதவளுக்கு வாய் மட்டும் எம்புட்டு நீளம்!”

“ஆமாய்யா, தெரியாதுதான். இந்தா, போறேன்!”

தலையிலிருந்த வேலைத் தொப்பியைப் பிடுங்கி அவர் காலடியில் எறிந்தாள்.

அங்காளம்மாளின் தலையில் ஒரு முடிகூட இல்லை. மொட்டைத்தலையில் பூசிய சந்தனம் இன்னும் உதிரவில்லை.

அவள் பதறிப்போய்த் தொப்பியை எடுத்து மாட்டினாள்.

“நேத்து இருக்கன்குடி கோயில்ல முடி இறக்கினேன். அவசரத்துல தலை மொட்டைங்கிறதே மறந்துபோச்சு. இசக்கிக்குத் தெரியாது, சொல்லித் தொலைச்சிராதீரும்.”

“அப்ப அந்தப் பின்னு...”

“உம்ம மகளோடதுதான். எனக்கு வாய் இருக்குய்யா. எந்தக் கம்பெனி வாசல்ல போய் நின்னாலும் சண்டை போட்டாவது வேலை வாங்கிருவேன். இதுக்குக் கேக்கத் தெரியுமா? ஆறு மாசமாச் சொல்லித்தாரேன், இப்பத்தான் தலையை நிமிர்த்திப் பேசுது. வேலை போச்சுன்னா மறுபடியும் மூலையில போய் உட்கார்ந்துக்கிடும்.”

சௌந்தரபாண்டியன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தார். இசக்கியம்மாள் பேனாவோடு வந்துகொண்டிருந்தாள்.

மகளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அவதான் போறேங்காள்ல தாயி. நீ செத்த நேரம் பேசாம இரேன்.”

மாரிசெல்வி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“பேசாம இருக்கத்தான்ப்பா நம்ம வீட்ல பழகியிருந்தேன்” என்று சொல்லிவிட்டு, இசக்கியம்மாளிடம் நடந்தாள்.