ஒரு சொட்டு ஊர்

“எங்க ஊர் எச்சிலைத் திருப்பிக் குடுங்க சார்.” மரபணு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே, கொடுத்த மாதிரியைத் திருப்பிக் கேட்கவே கூடாது என்று எழிலரசியிடம் சொல்லியிருந்தார்கள்; இன்று அவள் கேட்டது அதைத்தான். யாருக்கு என்ன நோய் வரும் என்று அவரவரிடம் சொல்வதாக வாக்குக் கொடுத்தவள் அவள். படித்த பிள்ளை என்று நம்பி ஊரே துப்பிக் கொடுத்தது. இப்போது தனியாள் யாருக்கும் முடிவு சொல்வதில்லை என்கிறார் பேராசிரியர். “செலவு குறைய எல்லாரையும் ஒண்ணாக் கலந்தாச்சும்மா. உங்கம்மாவை எப்படிப் பிரிச்சுத் தர?” சிரித்தபடி சுண்டுவிரலளவு குழாயைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு சொட்டு. அவள் தெருவும், அதற்குள் கால் வைக்காத மேலத்தெருவும் அதில் அசையாமல் கிடந்தன. “பிரிக்க வேணாம் சார்.” அவர் கையிலிருந்து எடுத்து உள்ளங்கைக்குள் மூடினாள். “ஐஸ்ல வைம்மா, சூடு பட்டா வீணாயிடும்.” “தெரியும் சார்.” விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.