மச்சில் முளைத்த காச்சில்

ரத்னபாய் கஞ்சிக் கிண்ணத்தோடு ஏணியில் ஏறினாள். நடு மத்தியானம். மச்சுக்குள் மட்டும் அந்தி மாதிரி இருட்டு.

அடுக்களைக்கு மேலே உள்ள அந்த மச்சில்தான் போன ஆவணியிலிருந்து அவள் புருஷன் ஞானையன் ஒளிந்திருக்கிறான். தையில் காச்சில் கிழங்கு பறித்ததும் விதைக் கிழங்கும் அவனோடு குடிவந்தது.

மலையாள ராஜ்யத்திலிருக்கும் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கணும் என்று பாறசாலை ரோட்டில் கொடி பிடித்துக் கோஷம் போட்டவன். துப்பாக்கிச் சூடு நடந்த வாரமே போலீஸ் வீடு வீடாகத் தேடியது. ஆள் மதராசுக்கு ஓடிவிட்டான் என்று ஊரே நம்பியது. நம்பட்டும் என்று ரத்னபாயும் நாலு பேருக்கு முன்னால் மூக்கைச் சிந்தினாள்.

இப்போது சுடச் சொன்ன மந்திரிசபை கவிழ்ந்து, புது மந்திரிசபை வந்து, கேஸையெல்லாம் வாபஸ் வாங்கியாயிற்று. வேதக் கோயிலில் ஆராதனை முடிந்ததும் உபதேசியாரே சொன்னார்.

ரத்னபாய் இதை ஞானையனிடம் சொல்லவில்லை. ஒரு மாசமாக மூச்சு விடவில்லை.

எப்படிச் சொல்லுவாள்? கல்யாணம் ஆன நாள்முதல் இந்த மனுஷன் வீடு தங்கினதுண்டா? ராத்திரி மீட்டிங், பகலில் ஊர்வலம். சாப்பிடக் கூப்பிட்டால் இதோ வாறேன் என்பான், போனால் போனதுதான். ஊருக்கெல்லாம் சொந்தக்காரன், அவளுக்கு மட்டும் விருந்தாளி.

போலீஸ் புண்ணியத்தில் இப்போதுதான் முழு ஆளாகக் கிடைத்திருக்கிறான். அவள் மீன் கழுவிக்கொண்டே பேசினால் மேலேயிருந்து உம் கொட்டுகிறான். அந்த ஒரு உம்முக்கு அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள்! சொன்னால் நடை தாண்டி ஓடிவிடுவான். இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

மாசியில் நட வேண்டிய காச்சிலைக்கூட நடவில்லை. கூலியாளைக் கூப்பிட்டால் விதை எடுக்க அவனே மச்சில் ஏறுவான், குட்டு உடைந்துபோகுமே. புருஷன் கவலையில் இவளுக்கு விவசாயமே மறந்துபோச்சு என்று பக்கத்து வீட்டு லீலாபாய் உச்சுக்கொட்டினாள்.

இருட்டுக்குள்ளிருந்து தினமும் கிண்ணத்தை வாங்க நீளும் கை இன்று வரவில்லை. மச்சுக்குள் தலையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

கிழங்கெல்லாம் முளைத்திருந்தது. நட்டிருந்தால் இந்நேரம் கொடி மாமரத்தில் ஏறி, வெயில் குடித்து, பச்சைப் பசேலென்று இலை விட்டு, மண்ணுக்குள் புதுக் கிழங்குக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும். இங்கே வெயிலுக்கு எங்கே போக?

தாய்க் கிழங்கைத் தின்றே முளைகள் நீண்டிருந்தன. நூல் நூலாக, வெள்ளை வெளேரென்று, ஓட்டு இடுக்கில் விழுந்த ஒரே ஒரு கீற்று வெளிச்சத்தைப் பார்த்து அத்தனையும் ஊர்ந்து போயிருந்தன. கிழங்குகள் சுருங்கித் தோலாகிக் கிடந்தன.

ஞானையன் அந்தக் கீற்றுக்கு வழிவிட்டு, சுவரோடு சுவராக ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். ஒரு முளையின் நுனியை மட்டும் விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்திருந்தான். அதில் நகத்தளவு ஓர் இலை பச்சை பிடித்திருந்தது. பிள்ளை பெற்றவனைப் போல அதை அவளிடம் காட்டிச் சிரித்தான்.

அவள் இலையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். வெயிலில் நின்று கறுத்த கை அது. முளையைப் போலவே வெளுத்து, எலும்பு எலும்பாகத் தெரிந்தது.

படுபாவி, நான் என்ன செய்துவிட்டேன்? பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு ஆளையே கரைத்துக்கொண்டிருக்கிறேனே.

கஞ்சிக் கிண்ணத்தை மச்சுப் பலகையில் வைத்தாள்.

“கேசெல்லாம் எடுத்தாச்சு. போன மாசமே எடுத்தாச்சு. நான்தான் சொல்லேல்ல. இறங்கி வாங்க,” என்றாள்.

கத்துவான் என்று நினைத்தாள். ஏணியைத் தட்டிவிட்டு ரோட்டுக்கு ஓடுவான் என்று நினைத்தாள்.

அவன் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும் கேட்டியா. ஜெயிலிலேருந்து நம்ம போராட்டத்துப் பயலுவ வந்த அண்ணைக்கு ரோட்டுல வெடி போட்டது எனக்கும் கேட்டுது. இறங்கினா பிறவு ஊரு என்னைய உனக்குத் தராதுல்லா.”