தூங்குகிற பிள்ளைக்கு எதற்கு லீவு?

“குழந்தை வீட்டுக்கு வந்ததுமே லீவைக் கரைச்சுடாதே தம்பி! அது பாட்டுக்கு நாளெல்லாம் தூங்கும். நீ மோட்டுவளையைப் பார்த்துட்டு உக்காந்திருப்பே. மாமியார் கிளம்பினப்புறம் போடு,” என்றார் லிஃப்ட் கம்பெனியின் மூத்த மெக்கானிக். மூன்று பிள்ளை பெற்றவர்.

“முடியாதுண்ணே, இன்னைக்கே வேணும்!”

ஸ்பேனரைப் போட்டது போட்டபடி, கால் தரையில் பாவாமல் ஓடினான் அவன். மனைவி வண்டியில் காத்திருந்தாள்.

ஆதரவற்ற குழந்தைகள் காப்பகத்து வாசலில், முன்பல் விழுந்த ஏழு வயதுக்காரி ஒருத்தி முதுகில் பையோடு நின்றிருந்தாள். இவர்களைக் கண்டதும் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நிஜமாவே வந்துட்டீங்க! ராத்திரி பூரா நான் தூங்கவே இல்லப்பா!”

“நானுந்தாம்மா!” என்றான் அப்பா.