டப்புக்கு அடியில் மணல்

"டப்புக்கு அடியில ஏன் மணல் போட்டீங்க?"

ஆதவன் கேட்டதும் இளையபெருமாள் மேஸ்திரி கொத்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். குளியல் டப் வாங்கிய கடையிலிருந்து, மாட்டிய வேலையைச் சோதிக்க வந்திருந்தவர் ஆதவன். கையில் நோட்டு, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

வீட்டுக்கார லில்லி டீச்சர் பாத்ரூம் வாசலைவிட்டு நகரவில்லை. "அவரு சரின்னாத்தான் தளவானூர்ல என் தம்பி வூட்டு வேலையும் உனக்கு. இல்லன்னா எல்லாத்தையும் பேத்து எடுத்துட்டுக் கெளம்பு" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

மேஸ்திரி வாய் சும்மா இருக்காமல், 'பத்து டப் மாட்டியிருக்கேன் டீச்சர்' என்று அளந்துவிட்டிருந்தார். உண்மையில் சிங்கவரம் பக்கம் பம்ப்செட் தொட்டி கட்டியதுதான் அவர் கண்ட அனுபவம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்!

"அடியில காலியா இருந்தா, ஆள் எறங்கும்போது விரிசல் உடும் சார். மணலும் சிமிட்டியும் கலந்து மெத்தை போட்டா அசையாது."

ஆதவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். "ஓரத்த ஏன் இன்னும் அடைக்கல?"

"மொதல்ல தண்ணி ரொப்பணும் சார். பாரத்துல டப் கொஞ்சம் எறங்கும். எறங்கினப்புறம் அடைச்சாத்தான் வெடிக்காது."

"மெதுவா சொல்லுங்க."

அதையும் எழுதினார். வாக்குமூலம் வாங்குகிறாரோ என்று மேஸ்திரி நோட்டை எட்டிப் பார்த்தார்.

"சரி, ரொப்புங்க."

தண்ணீர் ஏற ஏற மேஸ்திரிக்கு வேர்வை இறங்கியது. டப் நிறைந்து இறங்கியதும் ஓரத்தை அடைத்துவிட்டு, அடித்துளையின் மூடியை எடுத்தார். தண்ணீர் சுழித்துக்கொண்டு வெளியேறியது. ஆதவன் மண்டியிட்டு, டார்ச் அடித்து, குழாய் மூட்டுகளைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"வேலை சரியா இருக்குது டீச்சர்."

"அப்ப தம்பி வூட்டு வேலையும் நீயே பாருப்பா. ரெண்டு பேரும் இருங்க, காபி கொண்டாறேன்." டீச்சர் சமையலறைக்குப் போனார். மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆதவன் சட்டென்று கதவைச் சாத்தினார். வந்த உயிர் மறுபடி தொண்டைக்குழிக்கு ஏறியது.

"இன்னா சார், எதாவது தப்பா?"

ஆதவன் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குத் திண்டிவனத்துல நானே ஒண்ணு மாட்டணும். கூட வந்துருங்க மேஸ்திரி, நான் டப்பைத் தொட்டதே இன்னைக்குத்தான்."