எண்பத்தொன்பது டிகிரி

"எண்பத்தொண்ணு! நிறுத்தாதீங்க, வீசுங்க! ரெண்டு பேரும் சேர்ந்து வீசுங்க!"

மடிக்கணினியின் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு யானிபெல் கத்தினாள். பனாமா நகரத்திலிருந்து நகராட்சி வரவழைத்த பொறியாளர் பெண். வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் ஊரின் இரண்டு பெரிய தலைகளை அட்டை விசிறியும் கையுமாக நிற்க வைத்துவிட்டாள்.

எடில்பெர்ட்டோ விசிறியை இன்னும் இறுக்கிப் பிடித்து வீசினார். கீழ்த்தெருவின் தலைவர் அவர். இந்த ஆண்டு கீழ்த்தெருவின் கார்னிவல் ராணி அவர் மகள் மிலெய்க்கா. முதல் நாள் ஊர்வலத்தில் எந்தத் தெரு ராணியின் தேர் முன்னால் போவது என்பதை இத்தனை காலம் கைகலப்பில்தான் முடிவு செய்தார்கள். இந்த முறை கைபேசி ஓட்டு. பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. கள்ள ஓட்டை வெளியே நிறுத்தி நல்லதை மட்டும் உள்ளே விடும் ஃபயர்வால் பெட்டி மேசைமேல் உறுமிக்கொண்டிருந்தது.

"உள்ளே இருக்கற மூணு விசிறியில ஒண்ணு நின்னுபோச்சு" என்று பதினொரு மணிக்குத்தான் அவள் குண்டைத் தூக்கிப் போட்டாள். "தொண்ணூறு டிகிரியைத் தொட்டா பெட்டி தானா அணைஞ்சிடும். அந்த நிமிஷம் யார் முன்னாடியோ அவங்கதான் ஜெயிச்சவங்க."

முன்னால் இருந்தது மேல்தெரு. நாற்பது ஓட்டு.

அறைக்குள் தெருவுக்கு ஒருவர்தான். மேல்தெருவுக்கு நிக்கானோர், எடில்பெர்ட்டோவின் மனைவிக்குச் சொந்த அண்ணன். கீழ்த்தெருத் தேரின் டயரில் காற்றைப் பிடுங்கியது யார் என்ற சண்டையில், இருவரும் பேசிப் பதினோரு வருடமாகிறது. ஒருவர் வரும் பாதையில் மற்றவர் வரமாட்டார்.

"அந்த ஆள் வேணும்னே மெதுவா வீசறார் பாரும்மா. பெட்டி அணைஞ்சா அவருக்குத்தானே லாபம்!"

"என் கையைப் பார்க்காம பெட்டியைப் பார்க்கச் சொல்லும்மா அந்த ஆளை!"

"எண்பத்து நாலு! நீங்க சண்டை போட்டா கை நின்னுபோகுது சார்!"

"ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவரச் சொல்றேன்" என்றார் எடில்பெர்ட்டோ.

"ஐயோ, தூசியை அள்ளி உள்ளே போடும், மிச்ச ரெண்டும் நின்னுடும். இன்னும் ஒட்டி நில்லுங்க. காத்து ஒரே வழியாப் போகணும்."

வேறு வழியில்லாமல் ஒட்டி நின்றார்கள். தோளோடு தோள் உரசியது. எடில்பெர்ட்டோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் மகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார்.

நிக்கானோரின் விசிறி நடுவில் மடங்கிக் கிழிந்தது. ஓட்டுக் கேட்க அச்சடித்த விசிறி அது. அதில் சிரித்துக்கொண்டிருந்த மேல்தெரு ராணி இரண்டானாள்.

"எண்பத்தாறு!"

எடில்பெர்ட்டோ தான் கொண்டுவந்திருந்த விசிறிக் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவி நீட்டினார். அதில் மிலெய்க்கா, கிரீடத்தோடு. நிக்கானோர் ஒரு நொடி அதைப் பார்த்தார்.

"மூக்கு அப்படியே என் தங்கச்சி மூக்கு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"கோபமும் உங்க வீட்டுக் கோபம்தான்" என்று எடில்பெர்ட்டோவின் வாய் முந்திக்கொண்டது. நேருக்கு நேராகப் பேசிவிட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"எண்பத்து மூணு! இறங்குது, இறங்குது! மேல்தெரு இருபத்திரண்டு ஓட்டுதான் கூட!"

வெளியே கொம்பும் முரசும் கூரையைப் பிளந்தன. மணி பதினொன்று ஐம்பது. வித்தியாசம் ஒன்பது ஓட்டு. பக்கத்தில் இருப்பவர் தன்னைவிட வேகமாக வீசுவதை எடில்பெர்ட்டோ அப்போதுதான் கவனித்தார். மனசு கேட்கவில்லை.

"உண்மையைச் சொல்லு. அன்னிக்குக் காத்தைப் பிடுங்கினது நீதானே?"

"நான்தான்."

எடில்பெர்ட்டோவின் கை அந்தரத்தில் நின்றது. முஷ்டி இறுகியது.

"எண்பத்தொன்பது!" என்று யானிபெல் அலறினாள். "எண்பத்தொன்பது சார்!"

"வீசு மச்சான்! அப்புறம் அடிச்சுக்கோ, இப்ப வீசு!" என்று கத்தினார் நிக்கானோர்.

வீசினார்கள். மூச்சிரைக்க, சட்டை முதுகில் ஒட்ட, கை மாற்றிக் கை மாற்றி வீசினார்கள். எண்பத்தேழு. எண்பத்து நாலு. மணி பன்னிரண்டு அடித்தது.

"கீழ்த்தெரு! பதினேழு ஓட்டு வித்தியாசம்!"

எடில்பெர்ட்டோ குதித்தார். குதித்தவர் யாரைக் கட்டிக்கொள்கிறோம் என்று பார்க்கவில்லை. பார்த்த பிறகும் விடவில்லை. அடிக்க வேண்டியது மறந்தே போயிற்று.

"என் மருமக தேருக்கு முன்னாடி நான் ஆடறேன், எவன் கேக்கறான்னு பார்க்கலாம்" என்றார் நிக்கானோர், கண்ணைத் துடைத்தபடி. "என் தங்கச்சி டெல்ஃபினா இன்னிக்கு என்ன சமைக்கிறா?"

"கோழி சாங்கோச்சோ சூப்பு."

"எனக்கும் ஒரு கிண்ணம் வைக்கச் சொல்லு." தோற்ற சேதியைத் தன் தெருவுக்குச் சொல்ல அவர் வெளியே போனார்.

யானிபெல்லின் கையைப் பிடித்து நன்றி சொல்ல எடில்பெர்ட்டோ மேசையைச் சுற்றி வந்தார். திரை இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. விசிறிகள் மூன்றும் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. வெப்பம் நாற்பத்து மூன்று. காலையிலிருந்து கோடு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"என்னம்மா இது? பெட்டிக்கு ஒண்ணுமே ஆகலையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மன்னிச்சிருங்க சார். மேல்தெருக்காரர் காலையில நான் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னுட்டிருந்தார். 'ஓட்டுல யார் வேணா ஜெயிக்கட்டும்மா. என் மச்சான் ஒரு மணி நேரம் என் பக்கத்துல நிக்கற மாதிரி, இந்தப் பெட்டியில ஏதாவது கோளாறு சொல்ல முடியுமா?'ன்னு கேட்டார்."